பணியில் உயிரிழக்கும் காவல்துறை நாய்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவல்துறை நாய் ஒன்று பணியின்போது இறந்துவிட்டது என்று செய்தி வந்தால், கொடி போர்த்திய சிறு பெட்டியின் படமும் கூடவே வரும். பார்ப்பவர்கள் கலங்குவார்கள். அந்த நாய் எப்படி இறந்தது, அந்தச் சாவைத் தடுத்திருக்க முடியுமா என்ற கேள்விகள் மட்டும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். அந்தக் கேள்விகளுக்கும், அவற்றை ஒட்டி எழும் மற்ற சந்தேகங்களுக்கும் இங்கே பதில்கள் உள்ளன.

காவல்துறை நாய்கள் பெரும்பாலும் எதனால் இறக்கின்றன?

துப்பாக்கிச் சூட்டில்தான் என்று நினைப்பவர்களே அதிகம். அமெரிக்காவில் 2002 முதல் 2012 வரை இறந்த காவல்துறை நாய்களைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. நோயாலும் முதுமையாலும் இறந்தவற்றை ஒதுக்கிவிட்டு, காயத்தாலும் தடுத்திருக்கக்கூடிய பிற காரணங்களாலும் இறந்தவற்றை மட்டும் கணக்கிட்டார்கள். வாகன விபத்து, வெப்பம், துப்பாக்கிக் குண்டு ஆகிய மூன்றும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ கால் பங்கு உயிர்களைப் பறித்திருந்தன. எஞ்சியவை கத்திக்குத்து, உயரத்திலிருந்து விழுதல், நீரில் மூழ்குதல், நஞ்சு போன்றவை.

இந்தக் கணக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். வெப்பமும் வாகனமும் சேர்ந்து பாதி. வெப்பத்தால் இறந்தவற்றில் பெரும்பாலானவை மூடிய காவல் வாகனத்துக்குள்ளேயே இறந்தவை. அங்கே குற்றவாளி யாரும் இல்லை. கத்தியோ துப்பாக்கியோ இல்லை. கதவைத் திறக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எந்தப் பணியில் ஆபத்து அதிகம்?

எல்லா நாய்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. தப்பியோடுபவரை விரட்டிப் பிடிக்கும் நாய்க்குத்தான் நேரடி ஆபத்து அதிகம். ஆயுதத்துடன் ஒருவர் பதுங்கியிருக்கும் கட்டடத்துக்குள் அது காவலர்களுக்கு முன்பாக நுழைகிறது. முதல் அடி அதன் மேல்தான் விழும். இந்தப் பணிக்குப் பெரும்பாலும் ஜெர்மன் ஷெப்பர்டு, பெல்ஜியன் மாலினாய்ஸ் இனங்களைப் பயன்படுத்துகிறார்கள்.

வெடிகுண்டு கண்டறியும் நாய்க்கு ஆபத்து எப்போதாவதுதான் வரும். வந்தால் தப்புவது அரிது. அதனால்தான் குண்டை மோப்பம் பிடித்ததும் குரைக்காமல், காலால் பிராண்டாமல், அப்படியே உட்கார்ந்துவிட இவற்றைப் பழக்குகிறார்கள். போதைப்பொருள் தேடும் நாய்க்கு, தேடும் பொருளே எமனாகலாம். இடிபாடுகளில் ஆள் தேடும் நாய்க்குக் கண்ணாடித் துண்டு, கூரிய கம்பி, சரியும் கற்குவியல், புகை, தூசு எல்லாமே ஆபத்துதான்.

காட்டுப் பகுதிகளில் யாரும் எதிர்பாராத ஆபத்துகளும் உண்டு. இந்தியாவின் மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்த ரோலோ என்ற இளம் பெண் நாய், 2025 ஏப்ரலில் சத்தீஸ்கர்–தெலங்கானா எல்லையிலுள்ள மலைப்பகுதியில் தேடுதல் பணியில் இருந்தபோது தேனீக் கூட்டத்திடம் சிக்கியது. கூட இருந்தவர்கள் பாலித்தீன் விரிப்பால் அதை மூடிக் காப்பாற்றப் பார்த்தார்கள். தேனீக்கள் விரிப்புக்குள்ளும் புகுந்துவிட்டன. சுமார் 200 கொட்டுகள் பட்ட ரோலோ உயிர் பிழைக்கவில்லை. கண்ணிவெடியைத் தேடிப் போன நாய்க்குத் தேனீ எமனாக வந்தது.

தான் செய்யும் வேலையின் ஆபத்து நாய்க்குத் தெரியுமா?

தெரியாது. இதை மழுப்பிச் சொல்வதில் பயனில்லை. வலியும் பயமும் நாய்க்கு உண்டு. ஆனால் கதவுக்குப் பின்னால் துப்பாக்கி இருக்கலாம் என்று எடைபோட்டு, தெரிந்தே உள்ளே போகும் முடிவை அது எடுப்பதில்லை. வேலை முடிந்ததும் கிடைக்கும் பந்துக்காகவும், தன் காவலரின் பாராட்டுக்காகவும் பாய்கிறது.

அதன் குணமே அதற்கு எதிராகத் திரும்புவதும் உண்டு. எதற்கும் பின்வாங்காத நாயைத்தான் பணிக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படிப்பட்ட மாலினாய்ஸ் ஓடுபவரைத் துரத்திச் சென்று மதில்சுவரைத் தாண்டும்போது, மறுபக்கம் நான்கடிப் பள்ளமா நாற்பதடிப் பள்ளமா என்று பார்த்துவிட்டுத் தாண்டாது. நாக்கு தொங்கி, கால் தள்ளாடும் வரை ஓடும். நிறுத்தச் சொன்னால்தான் நிற்கும்.

ஆகவே ஆபத்தைக் கணக்கிடும் பொறுப்பு முழுவதும் மனிதனுடையது. நாயின் வீரத்தைப் புகழும்போது இதை மறந்துவிடுகிறோம். “உயிரைத் தியாகம் செய்தது” என்று எழுதுகிறோம். அனுப்பியது நாம்.

வெப்பம் நாயை ஏன் இவ்வளவு எளிதாகக் கொன்றுவிடுகிறது?

மனித உடல் முழுவதும் வியர்க்கும். நாய்க்குப் பாதங்களில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். அது உடலைக் குளிர்விக்கப் போதாது. வாயைத் திறந்து வேகமாக மூச்சிரைப்பதுதான் அதன் முக்கிய வழி. சுற்றியுள்ள காற்று சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் அந்த வழியும் அடைபடும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். கடுமையாக ஓடிய நாய்க்குச் சற்று நேரம் 41 டிகிரியைக்கூடத் தொடலாம். ஓய்வும் நீரும் கிடைத்தால் இறங்கிவிடும். இறங்காமல் அங்கேயே நின்றாலோ மேலே ஏறினாலோ குடலின் உட்சுவர், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பழுதாகும். இரத்தம் உறையும் தன்மையும் கெட்டுவிடும். அந்தக் கட்டத்துக்குப் போன நாயை மருத்துவமனையில் சேர்த்தாலும் மீட்பது கடினம்.

வாகனத்தின் கதை இன்னும் கொடியது. வெளியே 25 டிகிரி என்றால் இதமான பொழுது என்போம். அந்தப் பொழுதிலேயே வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்துக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிடும். ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் அரைமணி நேரத்திலேயே நடந்துவிடும். ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்துவைப்பதால் பெரிய வேறுபாடு இல்லை.

காவலர்கள் நாயை வேண்டுமென்றே விட்டுச்செல்வதில்லை. நாய் வாகனத்தில் நீண்ட நேரம் இருப்பது அவர்கள் பணியின் இயல்பு. இயந்திரத்தை ஓடவிட்டு, குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்கள். இயந்திரம் நின்றுபோகிறது, அல்லது குளிர்சாதனம் பழுதாகி வெப்பக் காற்றை வீசுகிறது. உள்ளே விசாரணை நீள்கிறது. இரவுப் பணி முடிந்து களைத்து வீடு திரும்பியவர், பின்பகுதியில் நாய் இருப்பதையே மறந்துவிட்ட நிகழ்வுகளும் உண்டு.

அப்படியானால் இதைத் தடுக்க வழியே இல்லையா?

இருக்கிறது. வேதனையே அதுதான். வாகனத்தின் உள் வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஜன்னல்களைத் தானாக இறக்கி, மின்விசிறியைச் சுழலவிட்டு, ஹாரனை ஒலிக்கச் செய்து, காவலரின் இடுப்பில் உள்ள கருவிக்கும் எச்சரிக்கை அனுப்பும் அமைப்புகள் பல ஆண்டுகளாகவே விற்பனையில் உள்ளன. நாய் இருக்கும் பகுதியின் கதவைத் தொலைவிலிருந்தே திறக்கும் பொத்தானும் அவற்றில் உண்டு. இந்த அமைப்பு இல்லாத வாகனத்தில் நாயை ஏற்றக்கூடாது என்று ஒவ்வொரு காவல்துறையும் விதி வகுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கருவி மட்டும் போதாது. அதை மாதந்தோறும் சோதிக்கவும் வேண்டும். எச்சரிக்கைக் கருவி இருந்தும் அது வேலை செய்யாததால் நாய் இறந்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

வெப்பத்தால் துவண்ட நாய்க்கு உடனடியாக என்ன செய்ய வேண்டும்?

அடங்காத மூச்சிரைப்பு, அகலமாகித் தொங்கும் நாக்கு, கருஞ்சிவப்பான ஈறுகள், தள்ளாட்டம், கூப்பிட்டால் திரும்பாத மந்தம் ஆகியவை அடையாளங்கள். முதலில் குளிர்வியுங்கள், பிறகு கொண்டுசெல்லுங்கள் என்பதுதான் இன்றைய மருத்துவர்கள் சொல்லும் வரிசை. குளிர்ந்த நீரில் நனைத்தால் அதிர்ச்சியில் இறந்துவிடும் என்ற பழைய அச்சத்தால் பொன்னான நிமிடங்கள் வீணாகின்றன. கிடைக்கிற நீரை உடல் முழுவதும் ஊற்றி, காற்று படச் செய்ய வேண்டும். ஈரத் துணியைப் போர்த்தி அப்படியே விட்டுவிடக் கூடாது; துணி சூடேறி வெப்பத்தை உள்ளேயே தேக்கிவிடும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பணிநாய் மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எளிய வழி ஒன்றைக் காட்டியது. ஓடிக் களைத்த நாய், வாளித் தண்ணீரில் தானாகவே தலையை முக்கியெடுக்கும்படி பழக்கினார்கள். மற்ற முறைகளைவிட இதில் உடல் வெப்பம் விரைவாகக் கட்டுக்குள் வந்தது. வாளியின் அடியில் ஒரு பொம்மையையோ தின்பண்டத்தையோ போட்டால் நாய் தானே மூக்கை விடும். சுயநினைவுள்ள, இயல்பாக மூச்சிரைக்கும் நாய்க்கு மட்டுமே இது பொருந்தும். மயங்கிய நாயின் தலையை ஒருபோதும் நீரில் அமிழ்த்தக் கூடாது.

குண்டு துளைக்காத கவசம் அணிவித்தால் போதாதா?

உதவும், போதாது. கவசம் மார்பையும் விலாவையும் காக்கும். தலை, கழுத்தின் பெரும்பகுதி, கால்கள் திறந்தேதான் இருக்கும். குண்டைத் தடுக்கும் கவசமெல்லாம் கத்தியையும் தடுக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டையும் தாங்குமாறு தனியாக வடிவமைக்க வேண்டும். கூடுதல் எடை நாயின் ஓட்டத்தைக் குறைக்கும். எல்லாவற்றையும்விட, கவசம் உடல் வெப்பத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். எனவே நாள் முழுவதும் அணிவிக்க இயலாது. ஆயுதம் இருக்கலாம் என்று தெரிந்த நொடியில் எடுத்து மாட்டும்படி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அவசரத்தில் மாட்டவும் பழகியிருக்க வேண்டும்.

போதைப்பொருள் தேடும் நாய்களுக்குப் போதைப்பழக்கம் வந்துவிடுமா?

வராது. நாய்க்குப் போதைப்பொருளைக் கொடுத்துப் பழக்குவதில்லை. அந்த வாசனையைக் கண்டால் விளையாட்டுப் பொருள் கிடைக்கும் என்று மட்டுமே கற்றுக்கொடுக்கிறார்கள்.

உண்மையான ஆபத்து வேறு. ஃபென்டானில் போன்ற செயற்கை ஓபியாய்டுகள் (அபின் வகைப் போதை மருந்துகள்) மிக நுண்ணிய அளவிலேயே வீரியம் மிக்கவை. நாய் தேடுவதே மூக்கை நுழைத்து வேகமாக உறிஞ்சித்தான். சிந்திக் கிடக்கும் தூள் மூக்கிலோ நாக்கிலோ பட்டால் சில நிமிடங்களில் நாய் சோர்ந்து சரியும், மூச்சு மெதுவாகும். நலோக்சோன் என்ற நச்சுமுறி மருந்து மனிதர்களுக்கு வேலை செய்வது போலவே நாய்க்கும் வேலை செய்யும். நாயைக் கையாளும் காவலர்கள் பலர் இன்று அதைப் பையிலேயே வைத்திருக்கிறார்கள். அதன் பலன் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், நாய் எழுந்து நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் கொண்டுபோயே ஆக வேண்டும்.

காயமடைந்த நாயை ஆம்புலன்ஸில் ஏற்றுவார்களா?

பல இடங்களில் சட்டம் அனுமதிப்பதில்லை. 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஷான் கேனன் என்ற காவலர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவருடைய நாய் நீரோவும் குண்டடிபட்டது. அங்கிருந்த அவசர மருத்துவ ஊழியர்கள் அதற்குச் சிகிச்சை அளிக்க அன்றைய சட்டத்தில் இடமில்லை. நீரோ பிழைத்துக்கொண்டது. 2022-இல் அம்மாநிலம் நீரோவின் பெயராலேயே ஒரு சட்டம் இயற்றியது. காயமடைந்த காவல்துறை நாய்க்கு ஆம்புலன்ஸ் ஊழியர்கள் முதலுதவி செய்யலாம். வண்டி தேவைப்படும் மனிதர் வேறு யாரும் அங்கே இல்லையென்றால் மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லலாம்.

ஆம்புலன்ஸ் வரும் வரை பார்த்துக்கொள்ள வேண்டியவர் கூட இருக்கும் காவலர்தான். இரத்தம் பீறிடும் இடத்தை அழுத்திப் பிடிப்பது, மார்பில் துளை விழுந்தால் காற்றுப் புகாமல் மூடுவது என்று மனிதருக்குச் செய்வதையே நாய்க்கும் செய்யலாம். ஒன்று மட்டும் வேறு: வலியில் துடிக்கும் நாய் தன்னை வளர்த்தவரையே கடிக்கும். மூச்சுத் திணறலும் வெப்பத் தாக்கமும் இல்லாத நாயின் வாயை முதலில் கட்டிவிட்டுத்தான் காயத்தில் கை வைக்க வேண்டும்.

காவல்துறை நாயைக் கொன்றால் என்ன தண்டனை?

நாட்டுக்கு நாடு மாறுகிறது. நெடுங்காலம் பல நாடுகளில் இது ஜன்னல் கண்ணாடியை உடைப்பதற்குச் சமமான குற்றமாகவே இருந்தது. நாய் அரசின் உடைமை. அதைக் குத்தினால் உடைமைச் சேதம். இங்கிலாந்தில் 2016 அக்டோபரில், ஸ்டீவனேஜ் நகரில் ஃபின் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு மார்பிலும் தலையிலும் கத்திக்குத்துப் பட்டது. கத்தி தன் காவலர் டேவ் வார்டெல் மீது பாயாமல் ஃபின் தடுத்தது. அவருக்குக் கையில் காயம். வழக்கில் அவரைத் தாக்கியது தாக்குதல் குற்றம். ஃபின் பட்ட குத்து உடைமைச் சேதம். வார்டெல் விடவில்லை. அவர் முன்னெடுத்த இயக்கத்தின் பயனாக 2019 ஜூனில் “ஃபின் சட்டம்” என்று மக்கள் அழைக்கும் பணி விலங்குகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தற்காப்புக்காக நாயைத் தாக்கினேன் என்ற வாதத்துக்கு அது முற்றுப்புள்ளி வைத்தது. 2021-இல் விலங்குக் கொடுமைக்கான அதிகபட்சத் தண்டனை ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டாக உயர்ந்தது.

கனடாவில் 2013-இல் எட்மன்டன் காவல்துறையின் குவான்டோ குத்திக் கொல்லப்பட்ட பிறகு, 2015-இல் தனிச் சட்டம் வந்தது. அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. அமெரிக்காவில் மத்திய அரசின் பணி நாயை வேண்டுமென்றே கொன்றால் பத்து ஆண்டு வரை சிறைவைக்க 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது.

இச்சட்டங்கள் எல்லாம் தேவையானவை. ஆனால் அவை குற்றவாளியை மட்டுமே நோக்குகின்றன. பூட்டிய வாகனத்தில் வெந்து இறந்த நாய்க்குப் பெரும்பாலும் துறைக்குள் ஒரு விசாரணை நடக்கும், அதோடு முடிந்துவிடும். அந்த அறிக்கைகளையும் வெளியிட வேண்டும்.

உலகம் நினைவில் வைத்திருக்கும் இழப்புகள் எவை?

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் இறந்த ஒரே காவல்துறை நாய் சிரியஸ். துறைமுக ஆணையக் காவல்துறையில் வெடிகுண்டு கண்டறியும் லாப்ரடார் அது. முதல் விமானம் மோதியதும் அதன் காவலர் டேவிட் லிம், தெற்குக் கோபுரத்தின் அடித்தளத்திலிருந்த கூண்டில் சிரியஸை விட்டுவிட்டு, மக்களை மீட்க வடக்குக் கோபுரத்துக்கு ஓடினார். நாய்க்கு அந்த இடம் பாதுகாப்பானது என்று அப்போது யாரும் நினைத்திருப்பார்கள். வடக்குக் கோபுரம் சரிந்தபோது லிம் படிக்கட்டில் சிக்கி, பல மணி நேரம் கழித்து உயிரோடு மீட்கப்பட்டார். தெற்குக் கோபுரம் அதற்கு முன்பே விழுந்துவிட்டது. 2002 ஜனவரியில் சிரியஸின் உடல் கிடைத்தபோது, இயந்திரங்களின் ஓசையை நிறுத்தி, காவலர்களுக்குச் செய்யும் மரியாதையோடு வெளியே கொண்டுவந்தார்கள்.

2015 நவம்பர் 18 அன்று, பாரிஸ் தாக்குதல்களுக்குச் சில நாள்களுக்குப் பின், அந்நகரின் புறநகரான செயின்ட் டெனியில் பயங்கரவாதிகள் பதுங்கிய அடுக்குமாடி வீட்டுக்குள் பிரெஞ்சு சிறப்புக் காவல்படை டீசல் என்ற ஏழு வயது மாலினாய்ஸை அனுப்பியது. அது சுடப்பட்டு இறந்தது. விலங்குகளின் வீரத்துக்காக 1943 முதல் வழங்கப்படும் டிக்கின் பதக்கம் டீசலுக்கு அளிக்கப்பட்டது. ரஷ்யக் காவல்துறை ஒரு குட்டியைப் பரிசாக பிரான்சுக்கு அனுப்பிவைத்தது.

நாயை இழந்த காவலருக்கு என்ன ஆகிறது?

சக காவலரை இழந்த துயரம்தான். பல துறைகளில் நாய் அவருடைய வீட்டிலேயே வளர்கிறது. பணிநேரம் முழுவதும் பக்கத்தில் இருக்கிறது. அது போனபின் வாகனத்தில் ஏறியதும் கை தானாகவே பின்பக்கக் கம்பித் தடுப்பைத் தட்டும். தான் கொடுத்த ஆணையில்தான் அது போனது என்ற எண்ணம் பலரை விடாமல் குடையும். அலட்சியத்தால் இறந்திருந்தால் அந்தக் குற்றவுணர்வோடு ஊராரின் சினமும் சேர்ந்துகொள்ளும்.

அவர்களுக்கு மனநல உதவியும் விடுப்பும் தேவை. புது நாயை உடனே ஒப்படைப்பது சிலருக்குப் பிடிமானமாக இருக்கிறது, சிலருக்குத் துரோகமாகப் படுகிறது. முடிவை அவரிடமே விட்டுவிடுவது நல்லது.

பிழைத்துவரும் நாய்களுக்கு மனக்காயம் உண்டா?

உண்டு. வெடிச்சத்தம் கேட்டால் ஒளிவது, பழகிய கட்டடத்துக்குள் நுழைய மறுப்பது, தூங்காமல் சுற்றிக்கொண்டே இருப்பது என்று வெளிப்படும். இராணுவ நாய்களிடம்தான் இதை அதிகம் கவனித்திருக்கிறார்கள். சில மாத ஓய்வும் மறுபயிற்சியும் சிலவற்றை மீட்கின்றன. மற்றவற்றுக்குப் பணி ஓய்வே மருந்து.

ஆறுதலான செய்தி ஒன்றும் இருக்கிறது. செப்டம்பர் 11 இடிபாடுகளில் தேடிய நாய்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், தூசையும் புகையையும் சுவாசித்திருந்தும் அவற்றின் ஆயுள் மற்ற நாய்களைவிடக் குறையவில்லை என்று தெரிந்தது.

நாய்களுக்குப் பதில் ரோபோக்களை அனுப்பக் கூடாதா?

ஆயுதத்துடன் ஒருவர் பதுங்கியிருக்கும் அறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க இன்று சிறு ரோபோவும் டிரோனும் போதும். நேரம் இருக்கும்போது அவற்றைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். நாயின் மூக்குக்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை. தேடும் பணிகளில் அதன் இடம் அப்படியே இருக்கும். குண்டு வாங்கும் வேலையை அதற்குக் கொடுக்க வேண்டிய தேவை மட்டும் குறைந்துவருகிறது. அந்தத் தேவை குறையக் குறைய, பழைய வழக்கப்படியே நாயை அனுப்புவதை நியாயப்படுத்த முடியாது.

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

பணியில் இருக்கும் நாயைத் தட்டிக்கொடுக்கவோ அழைக்கவோ வேண்டாம். கவனம் சிதறிய நொடியில்தான் விபத்து நடக்கும். நாய் யாரையாவது துரத்தும்போது குறுக்கே ஓடாமல் அசையாமல் நில்லுங்கள். வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தால் வேகத்தைக் குறையுங்கள். நிறுத்தியுள்ள காவல் வாகனத்தில் நாய் மட்டும் இருந்து, இயந்திர ஓசையும் கேட்கவில்லை என்றால், உடனே அருகிலுள்ள காவலரிடமோ அவசர எண்ணிலோ சொல்லுங்கள். கண்ணாடி வழியே நாய் தலையைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். உங்கள் பகுதிக் காவல்துறையின் நாய் வாகனங்களில் வெப்ப எச்சரிக்கைக் கருவி உண்டா, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று எழுத்துமூலம் கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.